வெள்ளரிக்காய்க் கிடா

எட்டு வயதில் நான் ஒரு சாமியை உண்டாக்கினேன். வாய்க்கால் களிமண்ணும் அப்பாவின் சாக்பீசும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. உண்டாக்கிய பிறகு அதை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அந்தக் கோடை விடுமுறை முழுவதும் நான் சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததற்கு அந்தச் சாமிதான் காரணம். என் வயிற்றில் பூச்சி என்று நினைத்து அம்மா வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்தாள். சாமிக்கு வேப்பங்கொழுந்து மருந்தல்ல என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

முக்கூடலுக்குச் சற்று மேற்கே, ஆற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலை ஒட்டி இருந்தது எங்கள் தெரு. தொண்ணூறுகளின் தொடக்கம். சித்திரையில் மாடன் கோயில் கொடைத் திருவிழா முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள், பிள்ளைகள் நாங்கள் வாய்க்கால் கரையில் எங்கள் கொடையைத் தொடங்கிவிடுவோம். பெரியவர்கள் வருடம் முழுக்கக் காத்திருந்து இரண்டு நாளில் முடிப்பதை நாங்கள் பத்து நாள் நடத்துவோம். களிமண்ணைக் குழைத்து முழங்கால் உயரத்துக்குப் பீடம் பிடிப்போம். அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர் என்பதால் வெள்ளையடிக்கும் பொறுப்பு என்னுடையது. அவருடைய டப்பாவிலிருந்து நாலைந்து சாக்பீசை எடுத்துப் பொடித்துத் தண்ணீரில் கரைத்தால் பீடம் பளிச்சென்று ஆகிவிடும். மிச்சப் பொடி திருநீறு.

எங்கள் கொடைக்கு நான்தான் தலைமை. மேளமும் சாமியாட்டமும் எதிர்வீட்டு அக்கா. ஆறாம் வகுப்பு படித்த அவளுக்கு எல்லாச் சாமிகளின் குணமும் அத்துப்படி. எது கோபக்காரச் சாமி, எது கேட்டதைக் கொடுக்கும் என்று பாடப்புத்தகம் போல ஒப்பிப்பாள். என் தம்பிக்கு ஐந்து வயது. அவன் கிடா. அவன் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்துவந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, தலையை ஆட்டச் சொல்வோம். வருடா வருடம் அவன்தான் கிடா. கிடாவுக்குப் பேச்சு கிடையாது என்பதே காரணம்.

தம்பிக்கு வாய் திக்கும். ஒரு சொல்லின் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, கையை முறுக்கி, கழுத்து நரம்பு புடைக்க நிற்பான். சொல் வெளியே வருவதற்குள் கேட்டவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். வருகிற ஜூனில் அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், அதுவும் அப்பா வேலை பார்க்கும் பள்ளியில். அதனால் அப்பா தினமும் சாயங்காலம் அவனை பெஞ்சில் நிறுத்தி, செய்தித்தாளின் தலைப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார். "பயப்படாமச் சொல்லுலே" என்பார். கையில் பிரம்பு இருக்கும். அடித்ததில்லை. ஆனால் பிரம்பை வைத்துக்கொண்டு பயப்படாதே என்று சொல்லப்படுவதைக் கேட்கும்போது, பக்கத்து அறையில் இருக்கும் எனக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த வருடம் எதிர்வீட்டு அக்காவுக்கு மேளமாக அடிக்கப் புது டப்பா கிடைத்திருந்தது. அதை அடிக்கும் ஆசையில், வழக்கமாகத் தானே ஆடும் சாமியாட்டத்தை வேறு யாராவது ஆடட்டும் என்றாள். வேறு யார் இருக்கிறார்கள்? கிடாவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, நெற்றி நிறைய சாக்பீஸ் பொடியைப் பூசி, கையில் ஒரு பனைமட்டையைக் கொடுத்து, "சும்மா ஆடு, போதும். பேச வேண்டாம்" என்றேன்.

அக்கா அடிக்க ஆரம்பித்தாள். தம்பி முதலில் வெட்கப்பட்டான். பிறகு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி அசைந்தான். பிறகு அந்த ஆட்டம் அவனைப் பிடித்துக்கொண்டது. பனைமட்டையைத் தரையில் ஊன்றி, என்னை நேராகப் பார்த்துச் சொன்னான்.

"ஏ மக்கா. எனக்குக் கெடா வேணும். வார வெள்ளிக்கெழம மத்தியானத்துக்குள்ள எனக்குக் கெடா வெட்டணும். வெட்டுவியா, மாட்டியா?"

ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை. டப்பாச் சத்தம் நின்றுபோனது. தம்பிக்கு அத்தனை சொற்கள் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவன் குரலையே நான் அதுவரை முழுதாகக் கேட்டதில்லை என்பதும். பயத்தில், கொடைக்கு வரும் பெண்கள் சொல்வதையே நானும் சொன்னேன். "வெட்டுதேன் சாமி. கண்டிப்பா வெட்டுதேன்."

சாமி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பனைமட்டையைக் கீழே போட்டது. தம்பி நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "த... த... த..." என்று ஆரம்பித்துக் கண்ணை மூடிக்கொண்டான். தண்ணீர் கேட்கிறான். என்னை உண்மையில் நடுங்க வைத்தது அதுதான். தண்ணீர் கேட்டவன் என் தம்பி. அப்படியானால் கிடா கேட்டது யார்?

"இது வெளையாட்டு இல்லட்டி. நெசமாவே வந்துட்டு" என்று சொன்ன எதிர்வீட்டு அக்கா, டப்பாவைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டாள். மறுநாளே அவளை ஆலங்குளத்துச் சித்தி வீட்டுக்கு விடுமுறைக்கு அனுப்பினார்கள். சாமியும் வாக்குறுதியும் என் ஒருத்தி தலையில் விடிந்தன.

கொடைக்கு வந்திருந்த மாமா இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. அம்மாவின் தம்பி, களக்காட்டில் வாழைக்காய் வியாபாரம். எதையும் சிரிக்காமல் சொல்லக்கூடியவர். அவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். ஒருத்தர் சும்மா விளையாட்டுக்குப் பீடம் போட்டு, அதில் சாமி வந்துவிட்டால் என்ன ஆகும்?

மாமா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். "பீடம் போட்டு எடம் குடுத்தாச்சா?"

"ஆமா மாமா. ஒருத்தரு."

"அப்பம் கத முடிஞ்சுது. எடம் குடுத்தவங்க காலம் பூரா கொட குடுக்கணும். ஏதும் தாரேன்னு வாக்குக் குடுத்தாங்களோ?"

"கெடா" என்றேன்.

"கெடாவா. அதக் குடுக்கலேன்னா, சாமி தான் குடுத்தத எல்லாம் பைய எடுத்துக்கிடும். மிச்சம் வைக்காது. பாத்து இருக்கச் சொல்லு அந்த ஒருத்தர." சொல்லிவிட்டு வெளியே போய் வெற்றிலையைத் துப்பினார். அடுத்த நாள் காலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். ஊர் போய்ச் சேருவதற்குள் அந்தப் பேச்சையே அவர் மறந்திருப்பார். நானோ, சாமி தம்பிக்கு எதைக் கொடுத்தது என்பதை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிடாவுக்கு நான் எங்கே போவேன் என்று தவித்துக்கொண்டிருக்கையில், வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாள் அப்பா சாக்பீஸ் டப்பாவைத் திறந்தார். பாதிக்கு மேல் காணோம். தம்பியின் காது மடிப்பில் இன்னும் வெள்ளை ஒட்டியிருந்தது. அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் வாய்க்கால் கரைக்கு நடத்திப் போனார். நாலே வெட்டு. பீடம் சரிந்து, வெள்ளைத் துண்டுகளாக வாய்க்காலுக்குள் விழுந்து கரைந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன், எந்தப் பக்கமிருந்து சாமி வருமோ என்று.

"பேச்சு வராத பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுப்பியா, சாமியாடச் சொல்லுவியாட்டி? வெளையாட்டா சோறு போடும்?" என்று கேட்டார். அவர் குரலும் கொஞ்சம் நடுங்கியது. கோபம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தம்பியை பெஞ்சில் நிறுத்தினார். அப்பா தலைப்பைச் சொன்னார். தம்பி வாயைத் திறக்கவில்லை. திக்கக்கூட இல்லை, கண்ணை மூடவில்லை, கையை முறுக்கவில்லை. பூட்டிப்போட்ட கதவு மாதிரி நின்றான். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து போனது. கிடா இல்லை. சனிக்கிழமையும் அவன் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமையும் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டினான்.

அப்பா அவனைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார். தொண்டையில், நாக்கில், காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டினாள். அப்பா பிரம்பைப் பரணில் போட்டுவிட்டு, சாயங்காலங்களில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானே செய்தித்தாளை வாசித்தார். ஒவ்வொரு தலைப்புக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்துவார். யாரும் அந்த இடத்தில் பேசாததால் அடுத்த தலைப்புக்குப் போவார். டாக்டருக்குத் தெரியாதது, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாதது, எனக்குத் தெரியும். சாமி கொடுத்ததை எடுத்துக்கொண்டிருக்கிறது. மாமா சொன்ன மாதிரியே, மிச்சம் வைக்காமல்.

தினமும் இரண்டு மூன்று முறை தம்பியை மறைவாக அழைத்து, "நாக்க நீட்டு" என்பேன். நீட்டுவான். இருக்கிறது. முந்தின நாளைவிடச் சிறியதாகிவிட்டதோ என்று பார்ப்பேன். என் நாக்கையும் நீட்டி அளந்துகொள்வேன். உண்மையைச் சொல்லிவிடலாமென்று அம்மாவிடம் போய் நின்றால், "என்னட்டி?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்று திரும்பிவிடுவேன். சொன்னால் அவளும் பயப்படுவாள். பயந்து என்ன ஆகப்போகிறது, கிடா வருமா?

எதிர்வீட்டு அக்கா முன்பொரு நாள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர்கள் குடும்பம் வேறு ஊரிலிருந்து வந்தபோது, பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்துதான் இங்கே சாமியை வைத்தார்களாம். பிடிமண் எடுத்துவந்து எங்கே வைத்தாலும் சாமி அங்கே வந்துவிடும். ஆனால் எடுத்தவர் வழியில் யாருடனும் பேசக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் சாமி பாதியிலேயே நின்றுவிடும்.

அப்பா பள்ளி வேலையாகத் திருநெல்வேலிக்குப் போன நாளாகப் பார்த்து, பல்பொடி டப்பா ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா ரேடியோவைப் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தாள். உச்சிவெயில். பொட்டைப் பிள்ளைகள் அந்த நேரத்தில் வாய்க்கால் பக்கம் போகவே கூடாது என்பார்கள். கரையில் ஒரு ஆள் இல்லை, காற்று இல்லை. பனைகளின் நிழல் அவற்றின் காலடியிலேயே கிடந்தது. பீடம் இருந்த இடத்தில் வெள்ளையாய் ஒரு வட்டம் மட்டும் மிச்சம். குனிந்து மண்ணை எடுத்தபோது அது சுட்டது. வெயிலில் சுடுகிறது என்று எண்ணும் வயதுதான் எனக்கு. ஆனாலும் அன்றைக்கு அப்படி எண்ணவில்லை.

டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். இருபது அடி வைத்திருப்பேன். பின்னால் சருகு நொறுங்கியது. நான் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் அதுவும் நடந்தது. மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது, கனமான, ஈரமான மூச்சு. அழுகை வந்தது, ஆனால் கண்ணைத் துடைக்கக் கை இல்லை, டப்பாவை விடவும் பயம். ஓடினால் கோபம் வந்துவிடுமோ என்று ஓடவும் இல்லை. எங்கள் புறவாசல் கதவைக் காலால் தள்ளி உள்ளே போய்ச் சாத்திய பிறகும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரும்பாலும் அது யாருடைய எருமையாகவோதான் இருந்திருக்கும். இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

விறகு அடுக்கிய கொட்டகைக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில் மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ஒரு சாண் உயரத்துக்குக் குவித்தேன். சாக்பீசைத் தொடும் தைரியம் இல்லாததால், சாமி படத்துக்கு முன்னிருந்த நிஜத் திருநீற்றையே எடுத்துவந்தேன். அது இன்னும் பயமாக இருந்தது. கிடாவுக்கு என்ன செய்வது என்று யோசித்து யோசித்து, அடுக்களையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து, விளக்குமாற்று ஈர்க்கில் நாலு கால் செருகினேன். கொம்புக்கு இரண்டு கிராம்பு. விளையாட்டாக இருந்த காலத்தில் இதைவிட மோசமான கிடாக்களை எல்லாம் வெட்டியிருக்கிறோம். இப்போது இது நிஜம். நிஜச் சாமியிடம் வெள்ளரிக்காயைக் கொடுத்துக் கிடா என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது, சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

தம்பியைக் கூட்டிவந்து நிறுத்தி நெற்றியில் பூசினேன். பூசிய அவசரத்தில் கண்ணெல்லாம் திருநீறு. பல்பொடி டப்பாவைக் கவிழ்த்து விரலால் மெதுவாகத் தட்டினேன். அவன் அசையவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சாமி, கொண்டாந்துட்டேன் சாமி" என்றேன். அழுகையில் சொற்கள் எனக்கே திக்கின. "லேட்டாயிட்டு. எங்கப்பாவுக்குத் தெரியாது. எந் தம்பி நாக்க விட்ருங்க சாமி."

தம்பி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான். மறுபடி மாறினான். தோள் குலுங்கியது.

"கெடா எங்க?"

அதே குரல். பத்துப் பன்னிரண்டு நாளாக அந்த வீட்டில் யாரும் கேட்காத குரல். வெள்ளரிக்காயை இரண்டு கையாலும் நீட்டினேன். சாமி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"இது வெள்ளரிக்காயில்லா?"

என் உயிர் என்னிடம் இல்லை. "கெடாதான் சாமி. நல்லாப் பாருங்க. கொம்பு இருக்கு."

சாமி கொம்பை முகர்ந்து பார்த்தது. "செரி" என்று சொல்லிவிட்டு, கொம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தலைப்பக்கத்தை ஒரு கடி கடித்தது.

அப்போதுதான் அடுக்களை வாசலில் அம்மா நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ. திருநீறு திருடியது, வெள்ளரிக்காய் எடுத்தது, அப்பா வெட்டிப்போட்டதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது என்று எனக்கு வரவேண்டிய அடிகளை மனசுக்குள் வரிசைப்படுத்தினேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள், கோயிலில் பெண்கள் சாமி முன்னால் வந்து நிற்பதுபோல. விறகுச் செதில்கள் கிடந்த தரையில் முட்டி போட்டாள். ஐந்து வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வரும்படி உட்கார்ந்து கை கூப்பினாள்.

"சாமி, எனக்கு ஒரு வாக்கு வேணும்."

"கேளு மகளே."

"எம் மவன் எப்பம் பேசுவான்?"

தம்பி வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். அவசரமே இல்லை அவனுக்கு. "அவன் பேசிட்டுத்தான இருக்கான்" என்றான். பிறகு மிச்சத் திருநீற்றை எடுத்து அம்மாவின் நெற்றியிலும் மூக்கிலுமாகப் பூசினான்.

அம்மாவுக்குக் கண்ணீர் வழிந்தது. சத்தமில்லாமல், துடைக்காமல், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதாள். நான் முழுதாகப் புரிந்துகொண்டுவிட்டதாக நினைத்தேன். அவளும் என்னைப் போலவே பயந்துபோயிருக்கிறாள்; இனி அந்தச் சாமிக்குக் கட்டுப்பட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்.

ஜூனில் தம்பியைப் பள்ளியில் சேர்த்தார்கள். தலைமையாசிரியர் பெயர் கேட்டபோது, அவன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி, லேசாக ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் பெயரைச் சொன்னான். முதல் எழுத்து இரண்டு முறை வந்தது, அவ்வளவுதான். செய்தித்தாள் வாசித்துக் காட்டியதன் பலன் என்று அப்பா கடைசிவரை நம்பினார். தம்பிக்கு இப்போதும் எப்போதாவது திக்கும். கூட்டத்தில் எழுந்து பேசும்முன் அவன் கால் மாற்றி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஜூன் வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. அந்த மே மாதம் முழுக்க, அப்பா இல்லாத மத்தியானங்களில், அம்மா ரேடியோவை அணைத்துவிட்டு முருங்கை மரத்தடிக்கு வந்து முட்டி போட்டாள். நாளாக நாளாக அவள் கேட்ட வாக்குகள் ஒரு மாதிரியாகிப் போயின. "சாமி, இன்னைக்கு என்ன கொழம்பு வைக்க?" என்பாள். "சாம்பாரு வேண்டாம்" என்று சாமி அதட்டும். "புளிக்கொழம்பு வைக்கலாமா?" "அதுவும் வேண்டாம். அப்பளம் மட்டும் பொரி." "களக்காட்டு மாமா எப்பம் வருவாரு?" "வாழப்பழம் கொண்டாந்தாத்தான் உள்ள விடுவேன்." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். சாமியும் பனைமட்டையைப் போட்டுவிட்டு அவள் மடியில் விழுந்து சிரிக்கும், சிரித்துக்கொண்டே இன்னும் ஏதேதோ பேசும்.

நான் அம்மாவின் சேலையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, "சிரிக்காதம்மா, கோவம் வந்துரும்" என்று அவள் காதில் கெஞ்சுவேன். ஒவ்வொரு நாளும் புது வெள்ளரிக்காய்க்கு நாலு கால் செருகி, கொம்பு வைத்து, எதுவும் குறைந்துவிடக்கூடாதே என்று பதறிப் பதறிக் கொண்டுவந்து வைப்பேன். அவர்கள் இரண்டு பேரும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்திதான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.